நாவல் டிரைவர்

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ரகுபதி எங்கே என்று கேட்டால் நாலு பேர் நாலு திசையைக் காட்டுவார்கள். நாவல் டிரைவர் எங்கே என்று கேட்டால் ஒரே ஆளைத்தான் காட்டுவார்கள். விசைப்படகின் சுக்கானைப் பிடிக்கிறவனை அங்கே டிரைவர் என்பது வழக்கம். ரகுபதி கரிய, அகலமான ஆள். முப்பத்தொன்பது வயது. மீசையை மட்டும் பார்த்தால் ஏதோ அடிதடிக் கேசில் போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருக்கும். அந்த மீசைக்காரன் காதல் நாவல் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறவன் என்று சத்தியம் பண்ணிச் சொன்னாலும் வெளியாள் நம்பமாட்டான்.

அவன் படிக்க வந்ததே ஒரு கூத்து. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவன் அவன். இருபத்திரண்டு வயதில் ஒரு படகில் இன்ஜின் வேலை கற்றுக்கொண்டிருந்தபோது, வண்ணாரப்பேட்டைக்குப் போய் பனியன் வேஸ்ட் வாங்கி வரச் சொன்னார்கள். பனியன் தைக்கிற இடத்தில் வெட்டிப் போடுகிற துண்டுத் துணிகள் அவை. கிரீஸ் துடைக்க அதைவிட நல்லது கிடையாது. அதையும் பழைய பேப்பரையும் எடைக்கு விற்கிற கடை ஜெபசிங்குடையது. தெற்கே நாசரேத் பக்கத்திலிருந்து வந்து கடை போட்ட மனுஷர். அன்றைக்கு வேஸ்ட் மூட்டைக்குள் அட்டை கிழிந்த மாத நாவல் ஒன்று எப்படியோ சிக்கிக்கொண்டு வந்துவிட்டது. கடலில் வலையை இறக்கிவிட்டால் மூன்று மணி நேரம் மெதுவாக இழுத்துக்கொண்டு போவதுதான் வேலை. பொழுது போகாமல் அதைப் பிரித்தான். மதியச் சோறு தட்டிலேயே காய்ந்துபோனது. அடுத்த முறை வேஸ்ட் வாங்கப் போனபோது, "அண்ணாச்சி, அந்த மாரி புக்கு இன்னும் கீதா?" என்று கேட்டான். ஜெபசிங் ஒரு மூட்டையைக் காலால் அவன் பக்கம் தள்ளிவிட்டார். அன்றைக்குப் பிடித்த பழக்கம், பதினேழு வருஷமாக விடவில்லை.

என்ன மாதிரி நாவல் என்பதை மென்று விழுங்காமல் சொல்லிவிடலாம். காதல் நாவல், அதிலும் சூடான ரகம். கதாநாயகியின் காலில் கொலுசு மாட்டிவிடவே கதாநாயகன் ஆறு பக்கம் எடுத்துக்கொள்வான். மழைக்கு ஒதுங்கிய பிறகு நடப்பதை மூன்று புள்ளி வைத்து நழுவாமல் எழுதியிருப்பார்கள். ரகுபதி ஒரு வரியையும் தாண்டிப் போகமாட்டான். மனசுக்குப் பிடித்த வரி வந்தால் காதில் செருகியிருக்கிற பென்சிலை எடுத்துக் கோடு போடுவான். அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது குளிர்காற்றில் நின்று சூடாக டீ குடிக்கிற மாதிரி நெஞ்சுக்குள் இதமாக இறங்கும். இரண்டு பேர் ஒருவருக்காக ஒருவர் அப்படித் தவிப்பதைப் பார்க்க அவனுக்கு அலுத்ததே இல்லை.

புத்தகத்தை மூடினால் அதோடு சரி. அந்தத் தவிப்பு அவன் உடம்புக்கு வந்ததில்லை.

படகு கரை சேர்கிற அன்றைக்கு மற்ற ஆட்கள் சென்ட் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் பறப்பார்கள். அவர்கள் அடிக்கிற கிண்டலைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. ரகுபதியும் சிரிப்பான், தன் பங்குக்கு ஒரு கிண்டலை எடுத்தும் விடுவான். பிறகு ஷேர் ஆட்டோ பிடித்துத் திருவொற்றியூர்க் கடலோரக் குப்பத்தில் இருக்கிற வீட்டுக்குப் போய்க் குளித்து, மகள் வடிவோடு கேரம் ஆடி, மனைவி ரேகா வைத்த குழம்பை வழித்துச் சாப்பிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவான். ரேகாவைப் பிடிக்காதவன் இல்லை. அவள் சிரித்துவிட்டால் அன்றைக்குப் பூராவும் அவனுக்கு நல்ல நாள். வருஷத்தில் நாலைந்து முறை, அவள் மனசு நோகக் கூடாதே என்று அவனாக நெருங்குவான். அதில் அவனுக்கு அருவருப்பு ஒன்றும் கிடையாது. தானாகத் தேடிப் போகிற ஆசைதான் வந்ததில்லை.

இது வியாதியோ என்று பயந்து வைத்தியமும் பார்த்தான். லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்க்கிற ஒருவர் கொடுத்த லேகியம், நடுக்கடலில் மூன்று நாள் வயிற்றைக் கலக்கி எடுத்ததுதான் மிச்சம். அதற்குப் பிறகு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கூச்சத்தை விட்டுக் காட்டினான். ரத்தம் எடுத்துப் பார்த்த லேடி டாக்டர், "எல்லாம் நார்மல். சில பேருக்கு இந்த ஆசை கம்மியாத்தான் இருக்கும். அது வியாதி இல்ல. இதனால உங்களுக்குக் கஷ்டமா?" என்று கேட்டார்.

"எனக்கு இன்னா மேடம் கஷ்டம். வூட்லதான்..."

"வீட்ல சொல்லிட்டீங்களா?"

சொல்லவில்லை. டாக்டர் நார்மல் என்று எழுதிக் கொடுத்த சீட்டை எட்டாக மடித்துப் பர்ஸில் வைத்து ஏழு வருஷம் ஆகிறது. எப்படிச் சொல்வான்? மூட்டை மூட்டையாக சூடான நாவல் படிக்கிறவன், எனக்கு ஆசை கம்மி என்று சொன்னால் எந்தப் பொண்டாட்டி நம்புவாள்? அதனால் புத்தகம் ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. எல்லாம் படகிலேயே ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் இருந்தன. நாவல் டிரைவர் என்ற பட்டப் பெயர் ரேகாவின் காதுக்கும் எட்டியபோது, துப்பறியும் நாவல் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டான். வடிவு அதை நம்பி, அவன் கரைக்கு வரும்போதெல்லாம், "நைனா, இந்தவாட்டி கொலகாரன் யாரு?" என்று கேட்பாள். அவனும் வாயில் வந்த பெயரைச் சொல்லிவைப்பான்.

அவனோடு படகில் வேலை பார்க்கிற உதயாதான் இந்தப் படிப்பைக் கடல் பூராவும் பரப்பினவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மதியம், "மாமு, நீ மட்டும் கண்ணத் தொட்ச்சிகினு படிக்கிறியே, எங்களுக்கும் சொல்லேன்" என்றான். ரகுபதி சுக்கானை அவனிடம் கொடுத்துவிட்டு உரக்கப் படித்தான். பக்கத்துப் படகுக்காரர்கள் வயர்லெஸ்ஸில், அங்கே என்ன கூட்டம் என்று கேட்டார்கள். அன்றிலிருந்து மதியம் வலை இழுக்கிற நேரத்தில் வயர்லெஸ்ஸிலேயே வாசிப்பு. ஏழு படகுகள் கேட்கும். ஆபத்துக்கென்று இருக்கிற பதினாறாம் சேனலைத் தொடமாட்டார்கள்; அதற்கென்று தனியாக ஒரு சேனல் பேசிவைத்திருந்தார்கள். வயர்லெஸ்ஸில் போன் மாதிரி இரண்டு பேரும் சேர்ந்தாற்போலப் பேச முடியாது. மைக்கின் பொத்தானை அமுக்கினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். பேசி முடித்தவன் ஓவர் என்று சொல்லிப் பொத்தானை விட வேண்டும். ரகுபதி ஒரு பக்கம் படித்து ஓவர் சொன்னால் மற்ற படகுகளிலிருந்து விசில் பறக்கும். மீசை வைத்த ஆம்பளைகள் நாற்பது பேர், ஒருத்தி கதவைத் திறப்பாளா மாட்டாளா என்று நகத்தைக் கடித்துக்கொண்டு கேட்பார்கள். இதைக் கரையில் எவனும் வாய் திறந்து சொல்லமாட்டான். அவனவனுக்கு அவனவன் மானம்.

ஏப்ரல் பதினைந்தாம் தேதி தடைக்காலம் தொடங்கும். மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்று அறுபத்தொரு நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாது. அதற்கு முந்தின நாள் மதியம் ரகுபதியின் படகு கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. படகின் முதலாளி அங்கம்மா. புருஷன் போன பிறகு மூன்று படகைத் தனியாளாகக் கட்டி மேய்க்கிற பெண்பிள்ளை. எந்தப் படகு எப்போது வரும் என்று தெரிந்து ஐஸும் வண்டியும் ஏற்பாடு பண்ணுவதற்காக அவள் வீட்டிலும் ஒரு வயர்லெஸ் செட் உண்டு. மீன் எடுத்து மார்க்கெட்டில் விற்கிற ரேகா, படகு எத்தனை மணிக்கு வரும் என்று கேட்க அங்கே போயிருந்தாள். அங்கம்மா சேனலை மாற்றி மாற்றித் திருகினாள். திடீரென்று ரகுபதியின் குரல் கணீரென்று வந்தது.

"உன் கூந்தல்ல வெயில் வாசம் வருது. இன்னும் கிட்ட வா. என் கை உன் இடுப்பை விட்டு விலகுற வரைக்கும் இந்த மழை நிக்கக் கூடாது. ஓவர்."

பதில் பேசின படகு வெகு தூரத்தில் இருந்ததால் அங்கம்மாவின் செட்டில் வெறும் இரைச்சல்தான் கேட்டது. பிறகு மறுபடியும் ரகுபதி, அதே குழைவோடு. மீன் எடுக்க வந்த பெண்கள் நாலைந்து பேர் வேறு வாசலில் நின்றிருந்தார்கள். எல்லோரும் ரேகாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கம்மாதான் அவசரமாகச் செட்டை அணைத்தாள்.

ரேகா ஒரு கணக்குப் போட்டாள். அவன் பேச்சில் ஒரு இன்னா இல்லை, ஒரு கீது இல்லை. படித்தவன் மாதிரி பேசுகிறான். அப்படியானால் எதிரில் இருக்கிறவள் படித்தவள். வீட்டில் உட்கார்ந்து வயர்லெஸ்ஸில் பேசுகிறாள் என்றால் செட் வைத்திருக்கிறவள். செட் வைத்திருக்கிறவள் யாரோ ஒரு படகு முதலாளி வீட்டுப் பெண். கணக்கு ஒரு இடத்திலும் இடிக்கவில்லை. தப்பாகப் போட்ட கணக்குகளில் இவ்வளவு சுத்தமானது காசிமேட்டில் வேறு இருக்காது. இதெல்லாம் ரகுபதிக்கு நாலு நாள் கழித்துத்தான் தெரியவந்தது.

மூன்று நாள் வீட்டில் சோறு வந்தது, குழம்பு வந்தது, பேச்சு மட்டும் மகள் வழியாக வந்தது. "வடிவு, உங்க நைனாவ சட்டயக் கழட்டிப் போடச் சொல்லு, தொவைக்கணும்." நாலாம் நாள் காலை வடிவு பள்ளிக்கூடம் போனதும் ரேகா கதவைச் சாத்தினாள்.

"யாரு அவ?"

"எவ?"

"டபாய்க்காத. அதான், வெயில் வாசம் வர்ற கூந்தல்காரி."

ரகுபதிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்துவிட்டான். அங்கேதான் தப்புப் பண்ணினான். தண்ணீர்ச் சொம்பு ஒன்று அவன் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது.

"சிரிப்பு வேற வருதா? அங்கம்மாக்கா வூட்டாண்ட, அத்தினி பேர் முன்னாடி, என் காதால கேட்டேன்யா. இன்னா தமிழு! என்கிட்ட சோறு கீதான்றதுக்கு மேல ஒரு வார்த்த வராது. அவகிட்ட பொளந்து கட்ற. கடைசில ஓவர்னு வேற சொல்ற. இன்னா ஓவரு? நம்ப கத ஓவரா?"

"அய்ய, ரேகா, மெய்யாலுமே அது கதம்மா. நாவலு. போட்டுக்காரனுங்களுக்குப் பட்ச்சிக் காட்டிகினு இருந்தேன்."

"துப்பறியற கதன்னு சொன்ன? எவன்யா இடுப்புல கைய வெச்சித் துப்பறிஞ்சான்?"

இனி பேசிப் பிரயோசனமில்லை என்று ரகுபதி உதயாவுக்குப் போன் போட்டான். உதயா டிரம்மையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து நடுவீட்டில் கவிழ்த்தான். "அண்ணி, வடிவுடையம்மன் மேல சத்தியமா கததான். அந்த ஈரோயினி பேரு மதுமிதா. ஊட்டில டீ எஸ்டேட்டு கீது அவளுக்கு. ஏழு போட்டுல கேட்டுகினு இருந்தோம்." அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து நீட்டினான். வெயில் வாசம், இடுப்பு, மழை, எல்லாம் வரி பிசகாமல் இருந்தன. அடியில் பென்சில் கோடும் இருந்தது.

ரேகா அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தாள். அவள் தோள் மெதுவாகத் தளர்ந்தது. உதயாவுக்கு டீ போட்டுக் கொடுத்து அனுப்பினாள். ரகுபதி, அப்பாடா, கண்டம் தாண்டியது என்று நினைத்துக்கொண்டான். ரேகா தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு புத்தகமாகப் புரட்டினாள். எல்லாவற்றிலும் பென்சில் கோடு.

"சரி, எவளும் இல்ல. நம்பறேன்" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "ஆனா இதெல்லாம் ஒனக்குப் புடிக்கிது. கோடு போட்டு ரசிக்கிற. இத்தினி வருஷம், இந்தாளுக்கு ஆசயே கெடயாது, அதான் இப்டி கீறான்னு மனச தேத்திகினு இருந்தேன். ஆச கீது. என்மேலதான் இல்ல. அப்டித்தான?"

ரகுபதி சட்டைப் பையைத் தொட்டான். பதில் பர்ஸில் எட்டாக மடித்து இருந்தது. அதை எடுத்துக் காட்டக்கூடக் கை வரவில்லை.

"எவளாவது ஒருத்தி இருந்திருந்தா அவள நாலு சாத்து சாத்திட்டு ஆறிருப்பேன். இப்ப நா யாரப் போய் சாத்த?" அவள் கண் கலங்கிவிட்டது. "நா அவ்ளோ கலீஜாவா கீறேன்?"

அந்தக் கேள்வியில் ரகுபதி உள்ளுக்குள் சுக்குநூறாகிப்போனான். இல்லை என்று தலையை ஆட்டினான். தலையாட்டல் அவளுக்குப் போதவில்லை. படகு மறுபடி கடலில் இறங்குவதற்குள் ஒரு பதில் வேண்டும், இல்லையென்றால் வடிவை அழைத்துக்கொண்டு எண்ணூரில் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன் என்றாள். "பஞ்சாயத்து கிஞ்சாயத்து ஒண்ணும் வெக்க மாட்டேன். கம்முனு போய்டுவேன்." அவள் கத்தியிருந்தால் அவனுக்குப் பயமில்லை. கத்தாமல் சொன்னதுதான் பயமாக இருந்தது.

தடைக்காலம் என்றால் குப்பத்தில் ஒரு கிண்டல் உண்டு. அந்த இரண்டு மாசம் புருஷன்மார் எல்லோரும் வீட்டில் இருப்பதால், அடுத்த வருஷம் தை மாசியில் ஆஸ்பத்திரியில் பெட் கிடைக்காது என்பார்கள். குழாயடியில் அந்தக் கிண்டல் கேட்கும்போதெல்லாம் ரேகா குடத்தைத் தூக்கிக்கொண்டு வேகமாக வந்துவிடுவாள். ரகுபதி அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். தினமும் சொல்ல வாயெடுப்பான். தினமும் ஏதாவது ஒரு சாக்கு வரும். மே மாதம் முழுக்க அப்படியே ஓடிப்போனது.

தன்னால் சொல்ல முடியாததை ஒரு நாவலாவது சொல்லிவிடாதா என்று ஜெபசிங் கடைக்கும் போனான். "அண்ணாச்சி, ஈரோ நல்லவன். பொண்டாட்டி மேல உசுரு. ஆனா அந்தப் பசி மட்டும் கொஞ்சம் கம்மி. அந்த மாரி கத ஒண்ணு கீதா?"

ஜெபசிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "பதினேழு வருஷமா உமக்கு எடுத்துப் போடுதேன். அப்படி ஒண்ணு என் கண்ணுல பட்டதில்ல. யாருக்குவே கேக்கீரு?"

"தோஸ்து ஒருத்தனுக்கு."

"அப்பம் உம்ம தோஸ்த வாயத் தொறந்து பேசச் சொல்லும். எங்கிட்ட இருக்கது பூரா மத்தவன் எழுதினதுல்லா?" என்று சொல்லிவிட்டு அவர் தராசைப் பார்க்கப் போய்விட்டார்.

ஜூன் பிறந்தது. பள்ளிக்கூடம் திறந்து வடிவு ஆறாவதுக்குப் போனாள். ரேகா அலமாரிக்கு மேலிருந்த பெரிய பையை இறக்கித் தூசி தட்டி வைத்தாள். ரகுபதி அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமலே வேலைக்குப் போனான். காசிமேட்டில் படகைக் கரையேற்றிப் பலகை மாற்றி, நீலமும் பச்சையுமாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். மத்தியானம் ரேகா டிபன் கேரியரோடு படகுக்குக் கீழே வந்து நின்றாள். கோபம் கோபமாக இருந்தாலும் அவனைப் பட்டினி போட அவளுக்கு மனசு வராது. பூஜை போட்ட படகில் பெண்கள் ஏறக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். பூஜைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. "மேல வா ரேகா, இன்னும் பூஜ போடல" என்று ஏணியைப் பிடித்துக்கொண்டான். கல்யாணமாகிப் பதிமூன்று வருஷத்தில், புருஷன் வேலை பார்க்கிற இடத்தை அன்றைக்குத்தான் அவள் உள்ளே வந்து பார்த்தாள்.

டிரைவர் கேபினில் இரண்டு பேர் நெருக்கி உட்காரத்தான் இடம். அவள் சோறு போட்டாள், அவன் பிசைந்துகொண்டே இருந்தான், வாய்க்குப் போகவில்லை. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வயர்லெஸ் மைக்கைக் கொக்கியிலிருந்து எடுத்தான். பேட்டரியைச் சார்ஜ் போடக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். செட்டில் உயிர் இல்லை. மைக்கை வாயருகே வைத்து, அவளைப் பார்க்காமல், முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு பொத்தானை அமுக்கினான். பழக்கமான சாமான் கையில் வந்ததும் நாக்கு அசைந்தது.

"எனக்கு வயசுப் புள்ளயா இருக்கறப்பலேர்ந்தே அந்தப் பசி கம்மி ரேகா. ஒங்கிட்டன்னு இல்ல. யாரப் பாத்தும் வந்ததில்ல. டாக்டராண்ட போனேன். வியாதி இல்லன்னு சொன்னாங்க, சீட்டு பர்ஸ்ல கீது. கத படிக்கப் புடிக்கும். அவன் அவளப் பாக்கறது, அவ கோச்சிக்கறது, சூடா வர்ற எடம், எல்லாம் புடிக்கும். பட்ச்சி முட்ச்சா எனக்கு வயிறு ரொம்பிடுது. ஒனக்கு ரொம்பாதுன்னு தெரியும். தெரிஞ்சும் செவுத்தப் பாத்துப் படுத்துகினேன். இவன் ஆம்பளயே இல்லன்னு நெனச்சிடுவியோன்னு பயம். ஒங்கிட்ட ஒரு கொறயும் இல்ல. ஒன்ன மாரி எனக்கு யாரயும் புடிக்காது. கரைக்கு வந்தா ஒன் மூஞ்சப் பாக்கணும்னுதான் வர்றேன். ஓவர்."

பொத்தானை விட்டான். ரேகா டிபன் கேரியரை அடுக்கி மாட்டிக்கொண்டு எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"எங்க போற?"

"அதான் ஓவர்னுட்டியே. எல்லாத்தையும் கொட்டிட்டு முடிஞ்சிதுன்ன அப்பால, எனக்கு இங்க இன்னா வேல?"

ரகுபதி பதறிப்போனான். "அய்யோ, ஓவர்னா முடிஞ்சிதுன்னு இல்லம்மா! நா சொல்லிட்டேன், இப்ப நீ பேசுன்னு அர்த்தம். அன்னிக்கு வூட்லயே இத்த சொல்லிருக்கணும்." மைக்கை அவள் கையில் வைத்து, பொத்தான் மேல் அவள் கட்டை விரலையும் வைத்தான்.

ரேகா அந்த மைக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் மெல்ல உட்கார்ந்தாள்.

"கேக்குதா?"

"கேக்குது."

"பேசாத. நா அமுத்திகினு கீறேன்."

அவன் வாயை மூடிக்கொண்டான். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினாள்.

"எனக்குப் பசி கீது. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா அத்தவிட, நா இன்னா கொறன்னு தெரியாம கண்ணாடிய கண்ணாடியப் பாத்து அழுதேன் பாரு, அதான்யா பேஜாராப் போச்சி. பதிமூணு வருஷம். மொதல் வருஷமே சொல்லிருந்தா நா இன்னா ஒன்னக் கட்ச்சா துன்னிருப்பேன்? இப்ப கேட்டுக்க. எனக்கு வேணும்னா நா கேப்பேன். முடியும்னா வா. முடியலன்னா முடியலன்னு என் மூஞ்சப் பாத்து சொல்லு. செவுத்துப் பக்கம் திரும்பிக்காத. கைய மட்டுமாவது என்மேல போட்டுகினு படு. அப்பறம்..." அவள் மைக்கை வாய்க்கு இன்னும் கிட்டக் கொண்டுபோனாள். "ஊரு போட்டுக்கெல்லாம் படிக்கிறல்ல, எனக்கும் படி. அந்த மதுமிதா இன்னா ஆனான்னு எனக்குத் தெரிய வாணாமா?" பொத்தானை விட்டுவிட்டு, மறந்துபோனதை நினைத்து மறுபடி அமுக்கி, "ஓவரு" என்றாள்.

ரகுபதி அந்த மீசையோடு விம்மி விம்மி அழுதான். ரேகா சிரித்துக்கொண்டே அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். "துப்பறியற கதயாம், துப்பறியற கத!" அன்று சாயங்காலம் வடிவு பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது பெரிய பை மறுபடி அலமாரிக்கு மேலே ஏறியிருந்தது.

அடுத்து வந்த நாட்களில், வடிவு பள்ளிக்கூடம் போனதும், ரகுபதி படிப்பான், ரேகா அவன் மடியில் தலை வைத்துக் கேட்பாள். சும்மாவும் கேட்கமாட்டாள். "கார் வெச்சிருக்கான், பங்களா வெச்சிருக்கான், ஒரு நாளாவது அவளுக்கு டீ போட்டுக் குடுத்தானா பாரு" என்று கதாநாயகனைக் கிழித்துத் தொங்கப்போடுவாள். ஒரு நாள் சூடான பக்கத்தின் நடுவில் புத்தகத்தை அவன் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். இன்னொரு நாள் அப்படி வாங்கியபோது, "இன்னிக்கி முடியாது ரேகா" என்று அவள் முகத்தைப் பார்த்தே சொன்னான். அவள் முகம் வாடியதுதான். இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அவன் திரும்பிக்கொள்ளவில்லை, கையையும் எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில், "சரி, மேல படி" என்றாள். இப்படியே இன்னும் முப்பது வருஷம் ஓட்டிவிடலாம் என்று ரகுபதிக்கு அன்றைக்கு நம்பிக்கை வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

ஜூன் பதினைந்தாம் தேதி விடியலில் படகுகள் எல்லாம் வரிசைகட்டிப் புறப்பட்டன. பாதியில் நின்ற நாவலை ரேகாவே அவன் துணிப்பைக்குள் வைத்திருந்தாள். மூன்றாம் நாள் மதியம் வலையை இறக்கிவிட்டு ரகுபதி மைக்கை எடுத்தான். இரண்டு மாசம் கதை கேட்காமல் காய்ந்து கிடந்த ஏழு படகுகளும் சேனலுக்கு வந்துவிட்டன. அவன் விறுவிறுவென்று படித்துக்கொண்டே போனான். கோபித்துக்கொண்டு போன மதுமிதா எஸ்டேட் பங்களாவில் தனியாக இருக்கிறாள். அவன் கொட்டுகிற மழையில் வந்து கதவைத் தட்டுகிறான். உள்ளே கொலுசுச் சத்தம் கேட்கிறது. ரகுபதி பக்கத்தைத் திருப்பினான்.

அடுத்த பக்கம் இல்லை. கடைசிப் பதினாறு பக்கங்களை யாரோ கத்தரியால் ஒழுங்காக வெட்டி எடுத்திருந்தார்கள். பின்னட்டையின் உள்பக்கத்தில் அவனுடைய பென்சிலாலேயே, ரேகாவின் குண்டுக் கையெழுத்தில் ஒரு வரி: மிச்சம் எங்கிட்ட கீது. ஜல்தி வா.

"இன்னா மாமு, நிறுத்திட்ட? கதவத் தொறந்தாளா இல்லியா? ஓவர்" என்று ஒரு படகிலிருந்து குரல் வந்தது. இன்னொரு படகு விசிலடித்தது. உதயா சுக்கானை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தான்.

ரகுபதி அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கரைக்குத் திரும்ப இன்னும் ஏழு நாள். பதினேழு வருஷமாகக் கடலுக்குப் போகிறவன், வீட்டுக்குப் போக எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணியது அதுதான் முதல் தடவை. பென்சிலை எடுத்து அவள் எழுதியதற்கு அடியில் ஒரு கோடு போட்டான். பிறகு பொத்தானை அமுக்கினான்.

"மிச்சம் என் வூட்ல கீது. ஓவர்."